நான்காம் மாடிக்கு வந்த சாப்பாடு

1977 ஏப்ரல் 5ஆம் தேதி அமெரிக்காவின் பல நகரங்களில் மாற்றுத்திறனாளிகள், தங்களிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டப் பிரிவுக்கு விதிகளை வெளியிடுங்கள் என்ற ஒரே கோரிக்கையோடு, சுகாதாரம், கல்வி, நலம் மூன்றையும் சேர்த்துக் கவனித்த மத்திய அரசுத் துறையின் அலுவலகங்கள் முன் திரண்டார்கள். தலைநகர் வாஷிங்டனில் அமைச்சரின் அலுவலகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் 28 மணி நேரத்தில் வெளியே வர வேண்டியதாயிற்று. மற்ற ஊர்களிலும் போராட்டம் சீக்கிரமே முடிந்துபோனது. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் அது ஏப்ரல் 30 வரை நீடித்தது. சுமார் 150 பேர், பலர் சக்கர நாற்காலியில், மத்திய அரசுக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியிலேயே தங்கி, உண்டு, உறங்கி இருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு மத்திய அரசுக் கட்டடத்துக்குள் நடந்த அறவழி உள்ளிருப்புகளில் இதைவிட நீண்டது வேறில்லை.

கோரிக்கை ஒன்று, நாளும் ஒன்று, எதிரில் இருந்த துறையும் ஒன்று. அப்படியிருக்க ஏன் இந்த ஊரில் மட்டும் தாக்குப்பிடித்தது? தலைவர்களின் துணிச்சல்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். துணிச்சல் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாஷிங்டனில் உட்கார்ந்தவர்களுக்கும் அது குறைவில்லை. அங்கே அமைச்சர் ஜோசப் கலிஃபானோ உணவை உள்ளே விடவில்லை. தலைக்கு ஒரு கோப்பை காபி, ஒரு டோனட், அவ்வளவுதான். சான் பிரான்சிஸ்கோவில் நாள்தோறும் சுடச்சுடச் சாப்பாடு வந்தது. அந்தச் சாப்பாடு யார் சமைத்தது, எப்படி அது நான்காம் மாடி வரை வந்தது என்று தேடிப் போனால் முழுக் கதையும் கிடைத்துவிடும்.

நாலு வருடம் உறங்கிய ஒரு வாக்கியம்

முதலில் கோரிக்கையைப் பார்ப்போம். 1973இல் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அதிபர் நிக்சன் இரண்டு முறை நிராகரித்து, மூன்றாம் முறைதான் கையெழுத்திட்டார். தகராறெல்லாம் செலவைப் பற்றியது. கடைசியில் இருந்த 504ஆம் பிரிவை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒரே வாக்கியம் அது: மத்திய அரசின் பணம் பெறும் எந்தத் திட்டத்திலும், உடற்குறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தகுதியுள்ள ஒருவரை விலக்கவோ, பலனை மறுக்கவோ, பாகுபாடு காட்டவோ கூடாது. கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தின் சொற்களை ஒட்டி எழுதப்பட்டது. இந்த உறவு பின்னால் வேறு விதத்தில் திரும்பி வரும்.

சட்டம் வந்தால் போதாது, விதிகள் வர வேண்டும். ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகப் படி ஏறி இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்குச் சாய்தளம் யார் கட்டுவது, காது கேளாத மாணவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை யார் தருவது, மருத்துவமனை மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்றெல்லாம் விதிகள்தான் சொல்லும். அதிகாரிகள் நல்ல வரைவு ஒன்றைத் தயாரித்தும்விட்டார்கள். பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் செலவை நினைத்து அலறின. ஒரு அமைச்சர் போனார், அடுத்தவர் வந்தார், கையெழுத்து மட்டும் விழவில்லை. 1976 ஜூலையில் விதிகளை வெளியிடச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டது. அப்போதும் வரவில்லை.

1977 ஜனவரியில் கார்ட்டர் அதிபரானார். கலிஃபானோ துறைக்கு வந்தார், வரைவைப் படித்துப் பார்க்கக் காலம் வேண்டும் என்றார். படிக்கிறேன் என்ற பேரில் விதிகளின் உயிரை எடுத்துவிடுவார்கள் என்று மாற்றுத்திறனாளிகள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது என்பது பின்னால் தெரிந்தது. பல அமைப்புகள் சேர்ந்த தேசியக் கூட்டமைப்பின் இயக்குநர் ஃபிராங்க் போ, அவரும் காது கேளாதவர், ஏப்ரல் 4 வரை கெடு வைத்தார். கெடு முடிந்தது. மறுநாள் ஊர் ஊராக அலுவலகங்கள் நோக்கிப் புறப்பட்டார்கள்.

பெர்க்லியும் கிழக்கு ஓக்லாந்தும்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் மறுகரையில் பெர்க்லி இருக்கிறது. எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் 1962இல் அங்குள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பதினான்கு வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய அசைவில்லாமல் போனவர். இரவில் இரும்பு நுரையீரல் என்று சொல்லப்பட்ட பெரிய மூச்சு இயந்திரத்துக்குள்தான் படுக்க வேண்டும். அதன் எடையைத் தாங்கும் விடுதி அறை இல்லாததால், வளாகத்தில் இருந்த கோவல் மருத்துவமனையிலேயே தங்க இடம் கொடுத்தார்கள். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். மருத்துவமனை வார்டு ஒன்று மாணவர் விடுதியாக மாறியது, அங்கிருந்து ஓர் இயக்கமே கிளம்பியது.

1972இல் அவர்கள் பெர்க்லியில் சுயேச்சை வாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். மாற்றுத்திறனாளிகளே நடத்திய மையம். அது செய்த வேலைகள் சாதாரணமானவை. வீட்டு உதவியாளர்களைத் தேடித் தருவது, சக்கர நாற்காலி பழுது பார்ப்பது, ஏறி இறங்கக்கூடிய வாடகை வீடு கண்டுபிடிப்பது, உதவித்தொகை விண்ணப்பம் நிரப்புவது. அதற்கு முந்தைய வருடமே நகர மன்றத்தில் பேசி, முக்கியத் தெருக்களின் நடைபாதை முனைகளைச் சரிவாக வெட்டவைத்திருந்தார்கள். நகர மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, திட்டம் வாசித்து, வாக்கெடுப்பு வரை விடாமல் இருக்கும் பழக்கம் இவர்களுக்கு அங்கேதான் வந்தது. போராட்டம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கோஷமும் கொடியும்தான். நாற்காலிச் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டியபடி ஒரு ஊரையே தெரிந்துவைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தயாரிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூடித் ஹியூமன் இந்த மையத்துக்கு நியூயார்க்கிலிருந்து வந்தவர். ஒன்றரை வயதில் போலியோ. பள்ளியில் சேர்க்கப்போனபோது, சக்கர நாற்காலி தீ விபத்து ஆபத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வளர்ந்து படித்து ஆசிரியை வேலைக்குப் போனபோது, அதற்கும் உரிமம் மறுக்கப்பட்டது. 1970இல் வழக்குப் போட்டு அதைப் பெற்றார். உள்ளிருப்பின் முகமாக நின்றவர் அவர். உள்ளிருப்பின் எலும்பாக இருந்தவர் கிட்டி கோன். தசைச் சிதைவு நோய் உள்ள அவர் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திலும் வியட்நாம் போர் எதிர்ப்பிலும் வருடக்கணக்கில் வேலை செய்தவர். எந்த அமைப்பில் யாரைக் கேட்டால் எது நடக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

இப்போது பிராட் லோமாக்ஸிடம் வருகிறேன். அவர் கருஞ்சிறுத்தைகள் (பிளாக் பாந்தர்) என்ற கறுப்பின உரிமைக் கட்சியைச் சேர்ந்தவர். இளம் வயதிலேயே மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலிக்கு மாறியவர். பெர்க்லிக்குப் பக்கத்து ஊரான ஓக்லாந்தில் அவர் பேருந்தில் போக வேண்டும் என்றால், சகோதரர் அவரைத் தூக்கிக்கொண்டு படியேறி இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி இறங்கி நாற்காலியை எடுத்து வர வேண்டும். 1975இல் அவர் எட் ராபர்ட்ஸைச் சந்தித்தார். பெர்க்லியில் இருப்பது போன்ற மையம் கறுப்பின மக்கள் வாழும் கிழக்கு ஓக்லாந்திலும் வேண்டும் என்று கேட்டார். கட்சியும் மையமும் கைகோத்து அங்கே ஒரு கிளையைத் திறந்தன. சின்ன அலுவலகம்தான். 1977இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான தகவல் இல்லை என்பது என் கருத்து.

ஏப்ரல் 5: உள்ளே போனவர்கள்

ஏப்ரல் 5க்குச் சில வாரங்களுக்கு முன்பே கிட்டி கோனும் மற்றவர்களும் குழுக்கள் பிரித்துவிட்டார்கள். மருத்துவ உதவிக்கு ஒன்று, பத்திரிகைகளுக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று, வெளி அமைப்புகளோடு பேச ஒன்று. தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், கறுப்பின அமைப்புகள், ஒருபாலினத்தவர் அமைப்புகள் என்று எல்லா வாசலையும் தட்டினார்கள். ஆதரவு தாருங்கள் என்று பொதுவாகக் கேட்கவில்லை. பேச்சாளர் தேவையா, பாய் தேவையா, சமையல் தேவையா என்று குறிப்பாகக் கேட்டார்கள்.

அன்று ஐக்கிய நாடுகள் பிளாசா 50ஆம் எண் கட்டடத்தின் முன் கூட்டம் நடந்தது. பேச்சுகள் முடிந்ததும் ஹியூமன் எல்லோரையும் உள்ளே அழைத்தார். மண்டல இயக்குநரிடம் 504 விதிகளைப் பற்றிக் கேட்டார்கள். அவருக்கு அந்தப் பிரிவைப் பற்றி எதுவும் தெரியவில்லை. தன் துறைதான் அதைச் செயல்படுத்த வேண்டும் என்ற நிலையில் அதிகாரிக்கே அது தெரியாது என்றால் நாம் எங்கே போவது என்று வந்தவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். பலர் மாற்றுத்துணிகூட எடுத்து வந்திருக்கவில்லை.

தங்குவது என்பது இவர்களுக்கு எத்தனை பெரிய காரியம் என்பதை நின்று யோசிக்க வேண்டும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரை இரவில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும், அது உயிருக்கே ஆபத்து. சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். சிலருக்கு மூச்சுக்கு உதவி வேண்டும், சிலருக்கு வேளைக்கு மருந்து வேண்டும். வீட்டில் உதவியாளர் செய்வதை இங்கே யார் செய்வது? ஒருவருக்கொருவர் செய்தார்கள். பார்வையில்லாதவர் சக்கர நாற்காலியைத் தள்ளினார். கை உள்ளவர் கை இல்லாதவருக்கு ஊட்டினார். மருந்தைக் குளிரில் வைக்கக் குளிர்பெட்டி இல்லை. ஏர்கண்டிஷனர் மேல் அட்டைப்பெட்டியை டேப் போட்டு ஒட்டி, அதையே குளிர்பெட்டி ஆக்கினார்கள்.

அதிகாரிகள் தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்தார்கள். வெளியுலகத் தொடர்பு அறுந்துவிடும் என்று நினைத்தார்கள். உள்ளே இருந்த காது கேளாதவர்கள் ஜன்னலருகே போய்ச் சைகை மொழியில் பேச, கீழே பிளாசாவில் நின்றவர்கள் அதைப் படித்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும். குறை என்று எதைச் சொல்லி ஒதுக்கினார்களோ, அதிலிருந்து பிறந்த மொழிதான் அன்று தகவல் வழியாக இருந்தது.

அப்புறம் உள்ளே நடந்த கூட்டங்கள். தினமும் எல்லோரும் கூடித்தான் முடிவெடுத்தார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் முடிக்கும் வரை அடுத்தவர் பேசக்கூடாது. பெருமூளை வாதத்தால் பேச்சு குழறுபவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் வரை மொத்த அறையும் காத்திருக்கும். கூட்டம் நள்ளிரவு தாண்டியும் போகும். அவசரமான போராட்டத்துக்கு இது ஒத்துவருமா என்று கேட்கலாம். ஆனால் முடிவில் தன் குரலும் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் மறுநாள் காலையில் வீட்டுக்குப் போகாமல் இருப்பார். டென்னிஸ் பில்லப்ஸ் என்ற பார்வையற்ற கறுப்பின இளைஞர் எல்லோரையும் உற்சாகப்படுத்துவதையே தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 10 ஈஸ்டரும் அங்கேயே வந்தது. அலுவலக மேஜைகளுக்கு நடுவே குழந்தைகள் ஈஸ்டர் முட்டை தேடினார்கள்.

சமையல் எங்கே நடந்தது

முதல் நாட்களில் டெலான்சி ஸ்ட்ரீட் என்ற அமைப்பு உணவு கொடுத்தது. சிறையிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீண்டவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. தொடர்ந்து வந்தவர்கள் கருஞ்சிறுத்தைகள். ஒவ்வொரு நாளும் ஓக்லாந்தில் சமைத்து, பாலம் தாண்டி, நான்காம் மாடி வரை கொண்டுவந்தார்கள். காவலர்கள் ஒருமுறை தடுத்தபோது, உள்ளே விடும் வரை திரும்பத் திரும்ப வருவோம், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். காவலர்கள் வழிவிட்டார்கள்.

நூற்றைம்பது பேருக்குத் தினமும் சமைப்பது அவர்களுக்குப் புதிய வேலை இல்லை. 1969இல் ஓக்லாந்து தேவாலயம் ஒன்றில் பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கியவர்கள் அவர்கள். பாத்திரமும் ஆளும் பழக்கமும் இருந்தன. பிராட் லோமாக்ஸும் அவருக்கு உதவியாளராக இருந்த கட்சித் தோழர் சக் ஜாக்சனும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஜாக்சன் லோமாக்ஸுக்கு மட்டுமல்லாமல் மற்றவர்களுக்கும் உதவினார். தங்கள் தோழர்கள் இருக்கும் இடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோவது கட்சிக்கு இயல்பான கடமை. கூடவே, கிழக்கு ஓக்லாந்துக் கிளை மூலம் இந்த மையத்துக்காரர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று கட்சிக்கு இரண்டு வருடமாகத் தெரியும். கட்சியின் பத்திரிகையிலும் போராட்டச் செய்திகள் வந்தன.

ஒருபாலின ஆண்கள் தங்கள் தெருக்களைக் காக்க அமைத்த பட்டர்ஃபிளை பிரிகேட் என்ற குழு வாக்கிடாக்கிகளை ரகசியமாக உள்ளே சேர்த்தது. மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி நேரில் வந்து, குளிப்பதற்குக் குழாய்கள் கொடுத்தார். இது ஓட்டல் இல்லை என்று மண்டல இயக்குநர் முகம் சுளித்தாராம். எட் ராபர்ட்ஸ் அப்போது மாநில மறுவாழ்வுத் துறைக்கே இயக்குநராக ஆகியிருந்தார். ஒரு காலத்தில் வேலை செய்யவே முடியாதவர் என்று சொல்லி அவருக்கு உதவி மறுத்த அதே துறை! அவர் அரசுப் பொறுப்பில் இருந்தபடியே வந்து போராட்டக்காரர்களிடம் பேசினார். உள்ளூர் நகராட்சியும் மாநில அரசும் ஒரு பக்கம், மத்திய அரசு ஒரு பக்கம் என்று கணக்கு மாறியது. வாஷிங்டனில் இப்படிப்பட்ட உள்ளூர்ப் பின்புலம் அவர்களுக்கு இல்லை.

விசாரணையும் தலைநகர்ப் பயணமும்

ஏப்ரல் 15 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஃபிலிப் பர்ட்டனும் ஜார்ஜ் மில்லரும் அதே கட்டடத்திலேயே விசாரணை நடத்தினார்கள். இருவரும் அந்தப் பகுதி உறுப்பினர்கள். அமைச்சர் தரப்பில் ஜீன் ஐடன்பர்க் என்ற அதிகாரி வந்தார். விதிகளில் 22 மாற்றங்கள் பரிசீலனையில் இருப்பது அங்கே வெளிப்பட்டது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தனிப் பள்ளி என்பதும் அதில் ஒன்று. இதற்காகச் சொல்லப்பட்ட 'தனி, ஆனால் சமம்' என்ற சொற்றொடர் ஓர் அமெரிக்கரின் காதில் எப்படி விழும் என்று சொல்ல வேண்டும். கறுப்பின மக்களைத் தனிப் பள்ளியில் வைக்கப் பயன்பட்டு, 1954இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்த வாதம் அது. அறையில் லோமாக்ஸும் பில்லப்ஸும் இருந்த போராட்டத்தில் அதைச் சொன்னால் என்ன ஆகும்? ஹியூமன் குரல் தழுதழுக்கப் பேசினார். நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரிந்தது போலத் தலையாட்டுவதை நிறுத்துங்கள், உங்களுக்குப் புரியவில்லை என்றார். பர்ட்டன் அழுதுவிட்டார். ஐடன்பர்க் எழுந்து ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, பர்ட்டன் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டி வெளியே வரச் சொன்னார்.

அதன்பின் ஒரு குழு வாஷிங்டனுக்குப் போனது. நாற்காலியோடு ஏறக்கூடிய வண்டி அங்கே கிடைக்கவில்லை. இயந்திரத் தொழிலாளர் சங்கம் ஒரு சரக்கு லாரியை ஏற்பாடு செய்தது. ஜன்னலில்லாத இருட்டுப் பெட்டிக்குள் நாற்காலிகள் உருள, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அமைச்சரின் வீட்டு வாசலுக்கும், அதிபர் வழிபடும் தேவாலயத்துக்கும் போனார்கள். அமைச்சர் சந்திக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் தொலைக்காட்சி நிருபர் எவான் வைட் விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே நான்காம் மாடி காலியாகாமல் இருந்தது. அது காலியாகியிருந்தால் தலைநகர்க் குழுவை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 28 அன்று கலிஃபானோ கையெழுத்திட்டார். அந்த 22 மாற்றங்கள் இல்லை. உடனே இவர்கள் எழுந்து போய்விடவில்லை. விதிகளைச் சரிபார்த்து, தலைநகர்க் குழு நிலவரத்தைச் சொன்ன பிறகு, ஏப்ரல் 30 காலையில்தான் கூட்டமாக வெளியே வந்தார்கள். சிலருக்குத் திரும்பிப் போக மனமில்லை. வெளியே உதவிக்கு ஆளில்லாத தனி அறைக்குத்தான் போக வேண்டும். உள்ளே யாரும் யாருக்கும் சுமையாக இல்லை.

கிடைத்ததும் கிடைக்காததும்

விதிகள் வந்ததால் பள்ளியும் கல்லூரியும் மருத்துவமனையும் மாறத் தொடங்கின. ஆனால் மத்திய அரசின் பணம் வாங்கும் இடங்களுக்கு மட்டும்தான் அவை பொருந்தும். தனியார் கடைக்கும் திரையரங்குக்கும் உணவகத்துக்கும் பொருந்தாது. 1979இல் உச்ச நீதிமன்றம், காது கேளாத ஒரு பெண்ணைச் செவிலியர் படிப்பில் சேர்க்க மறுத்த கல்லூரி பக்கம் தீர்ப்பளித்து 504ஐச் சுருக்கியது. பேருந்துகள்தான் மிகவும் இழுத்தன. 1978 ஜூலையில் டென்வரில் 19 பேர் சாலை நடுவே பேருந்துகளை மறித்துப் படுத்தார்கள். 1977 ஏப்ரலில் உள்ளிருப்பு நீடிக்காத அதே ஊரில், அடுத்த வருடம் அங்குள்ளவர்களே கிளம்பினார்கள்.

ஹியூமன் பின்னாளில் கிளின்டன் ஆட்சியில் கல்வித்துறை உதவிச் செயலாளர் ஆனார், 2023இல் காலமானார். கிட்டி கோன் 2015இல் போனார். இவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. லோமாக்ஸைப் பற்றிப் பல காலம் யாரும் எழுதவில்லை. இந்தப் போராட்டத்தை வெள்ளையர்களின் கதையாகவே சொல்லிவந்ததில் அவர் பெயர் கீழே போய்விட்டது. அது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் கிழக்கு ஓக்லாந்துக்கு ஒரு மையம் வேண்டும் என்று அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்தச் சாப்பாடு வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

1990 ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். நகரங்களில் புதிதாக வாங்கும் பேருந்துகள் சக்கர நாற்காலியோடு ஏறும்படி இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் நாடு முழுவதும் கட்டாயமானது. சகோதரரின் தோளில் பேருந்துப் படி ஏறிய பிராட் லோமாக்ஸ் 1984லேயே இறந்துபோயிருந்தார்.